வேரடித் திறவுகோல்

கல்லூரியன்னை விழாக் காணும் இவ்வேளையில், மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தனர். எம் ஆசிரியப் பெருமக்களின் பெருமையை எழுதலாமா, விளையாட்டரங்கிற் கண்ட வெற்றி தோல்விகளை எழுதலாமா என்று முதலில் எண்ணினோம். அவற்றை எம்மினுஞ் செவ்வையாக எழுத வல்லார் பலர் உளர். ஆனால், இக்கல்லூரியின் இரசாயனக் கூடத்திற் கற்றதைக் கையிற் கொண்டு மலைநாடு சென்று, அட்டன், தலவாக்கலைப் பகுதிகளில் முப்பதாண்டுக்கு மேலாக விஞ்ஞானம் கற்பித்தவர் என்ற முறையில், அம்மண்ணிடம் நாம் கற்ற பாடமொன்றைக் கூறும் உரிமை எமக்கு உண்டு. அப்பாடம் கண்ணுக்குப் புலனாகாத சிற்றுயிர்களைப் பற்றியது. தேயிலைச் செடியின் வேரைச் சூழ்ந்து வாழ்ந்து, மண்ணிற் பூட்டுண்டு கிடக்கும் பொசுபரசை அவிழ்த்துவிடும் பற்றீரியாக்களைப் பற்றியது. பொருள் சிறிதே; எனினும் எத்தனையோ ஆயிரம் குடும்பங்களின் அடுப்பெரிவது இதனோடு தொடர்புடையது.

அட்டனிலிருந்து நானுஓயா நோக்கிப் புகையிரதத்திற் செல்வோர் இரு மருங்கிலும் விரிந்த பசுமையைக் கண்டு, இம்மண் எத்துணை வளமுடையது என்று வியப்பர். உண்மை வேறு. மலைச்சரிவுகளில் ஆண்டுதோறும் பெய்யும் பெருமழை, மண்ணிலுள்ள கல்சியம், மகனீசியம் முதலியவற்றைக் கரைத்துக் கொண்டு ஆறுகளிற் சேர்த்துவிட்டது. எஞ்சி நிற்பவை இரும்பும் அலுமினியமும் செறிந்த செம்மஞ்சள் மண்ணும் அதன் புளிப்புமே. நெல்லும் மிளகாயும் வெறுக்கும் இப்புளிப்பைத் தேயிலை விரும்புகிறது. மண்ணின் பி.எச். பெறுமானம் 4.5 முதல் 5.5 வரை இருப்பதே அதற்கு உகந்ததென்பர். மற்றைப் பயிர்களை வருத்தும் அலுமினியத்தைத் தேயிலை தன் முதிர்ந்த இலைகளிற் சேர்த்து வைத்துக்கொண்டு நலமே வாழும். ஆகவே மலைநாட்டின் பசுமை மண்ணின் செல்வத்தைக் காட்டுவதன்று. அச்செடியின் பொறுமையைக் காட்டுவது.

அத்தகைய பொறுமையுடைய செடிக்கும் பொசுபரசின்றி வாழ்வில்லை. உயிரணுக்களில் ஆற்றலைக் கைமாற்றுவதும், பரம்பரைப் பண்பைத் தாங்கும் நியூக்கிளிக்கமிலத்தின் முதுகெலும்பாய் அமைவதும், இளவேர் நீளுவதற்குத் துணையாவதும் இம்மூலகமே. வேண்டிய அளவோ மிகச் சிறிது. ஆயிரம் கிலோ தேயிலைத் தூளோடு தோட்டத்தை விட்டு வெளியேறும் நைதரசன் ஏறக்குறைய 40 கிலோவாயின், பொசுபரசு 3 அல்லது 4 கிலோ மாத்திரமே. சிறிதாயினும் அது கிடையாவிடின் முதிர்ந்த இலைகள் பளபளப்பிழந்து மங்கும். வேர் வளர்ச்சி தளரும். புதிதாக நட்ட கன்று மலைக்காற்றுக்கும் வறட்சிக்கும் ஈடுகொடுக்க மாட்டாது நிற்கும்.

இனி வியப்பான செய்தி ஒன்றுண்டு. மலைநாட்டு மண்ணிற் பொசுபரசு இல்லாமலில்லை. செடிக்கு ஓராண்டு வேண்டியதைப் போலப் பன்மடங்கு அங்கே உண்டு. ஆனால் இரும்பும் அலுமினியமும் அதனை இறுகப் பற்றியுள்ளன. வேர் உறிஞ்சத்தக்கவாறு மண்ணீரிற் கரைந்து நிற்பது ஓர் இலீற்றருக்கு ஒரு மில்லிகிராமின் சிறு பின்னமே. களஞ்சியத்தில் நெல் நிறைந்திருக்கத் திறவுகோலைக் காணாது பட்டினி கிடக்கும் வீட்டைப் போன்றது இந்நிலை. நாம் பையவிழ்த்துப் பசளை இட்டாலும் அதே கதைதான். நீரிற் கரையும் பொசுபேற்று இடப்பட்ட சின்னாளில் அதிற் பெரும்பகுதியை அவ்விரு உலோகங்களும் கைப்பற்றிக்கொள்ளும். இட்ட பருவத்திலேயே பயிர் பெறுவது நூற்றுக்கு இருபது பங்கை எட்டுவதே அரிது. எஞ்சியது களஞ்சியத்தின் உள்ளே போய்ச் சேரும். கதவு மீண்டும் சாத்தப்படும்.

வடபுலத்து அன்பர்கள் இதனை வேறொரு வடிவில் அறிவார்கள். யாழ்ப்பாணத்துச் செம்மண் சுண்ணாம்புக் கல்லின்மீது அமைந்தது. அங்கே பொசுபரசைப் பிடித்து வைப்பது கல்சியம். மலைநாட்டிற் பிடிப்பவை இரும்பும் அலுமினியமும். பூட்டு இரண்டும் வெவ்வேறாதலின் திறக்கும் முறையும் வெவ்வேறாகும். இவ்வேற்றுமையை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். பின்னர் இது பயன்படும்.

மேலும் பொசுபேற்று மண்ணில் நடந்து செல்லும் இயல்புடையதன்று. நைத்திரேற்று நீரோடு ஓடிவரும்; பொசுபேற்றோ சில மில்லிமீற்றர் தூரமும் மெல்ல மெல்லவே நகரும். எனவே வேர் தன்னைச் சுற்றியுள்ள மெல்லிய மண்ணுறையை விரைவில் வறிதாக்கிவிடும். அவ்வுறைக்கு அப்பால் வளம் இருந்தும் பயனில்லை. தேயிலை வேரோடு கூடி வாழும் பங்கசுக்கள் தம் நுண்ணிழைகளை வெளியே நீட்டி, அத்தூரத்தை ஓரளவு கடந்து கொடுக்கின்றன. பூட்டை அவிழ்க்கும் பணியிற் பெரும்பங்கு வகிப்பவை அவ்வுறையிலேயே குடியிருக்கும் பற்றீரியாக்கள்.

வேரைச் சூழ்ந்த இச்சிறு நாட்டுக்கு வேர்மண்டலம் எனும் பொருள்படப் பெயரிட்டவர் ஜேர்மனியரான லோறென்சு இல்ற்னர் என்பார். ஆண்டு 1904. வேரினின்று தொலைவிலுள்ள மண்ணிலும் வேரையொட்டிய மண்ணிலேயே நுண்ணுயிர்கள் பன்மடங்கு பெருகி வாழ்கின்றன என்பதை அறிஞர் கண்டனர். அங்கே ஒரு கிராம் மண்ணிற் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் உண்டு. காரணம் எளிது. இலை வெயிலிற் சமைத்த உணவில் ஒரு பகுதியைச் செடி வேர்வழியே வெளியே விடுகிறது. வெல்லங்களும் சேதன அமிலங்களும் அமினோவமிலங்களும் அதிலுண்டு. உதிர்ந்த வேர்த்தோலும் அவற்றோடு சேரும். உணவு வைத்த இடத்திற் கூட்டம் சேர்வது உலக இயல்பன்றோ?

அக்கூட்டத்திற் பசிலசு, சூடோமோனாசு, பேர்க்கோல்டீரியா முதலிய சாதியைச் சேர்ந்த சில இனங்கள் பொசுபரசை அவிழ்க்கும் ஆற்றலுடையன. அவை கையாளும் வழிகள் மூன்று. முதலாவது, வெல்லத்தை ஒட்சியேற்றிக் குளுக்கோனிக்கமிலம் போன்றவற்றை வெளிவிடுதல். அவ்வமிலம் கல்சியத்தோடு பிணைந்த பொசுபேற்றைக் கரைக்கும். இரண்டாவது, ஒட்சாலிக்கு, சித்திரிக்கு முதலிய அமிலங்களின் மூலக்கூறுகள் இரும்பையும் அலுமினியத்தையும் நண்டு தன் கொடுக்காற் பற்றுவதுபோலப் பற்றிக்கொள்ளுதல். உலோகம் அப்பிடியில் அகப்பட்டதும் பொசுபேற்று விடுபடும். மூன்றாவது வழி மக்கிய இலைகுழைகளைச் சார்ந்தது. மண்ணிலுள்ள பொசுபரசில் ஒரு பெரும் பங்கு இறந்த உயிர்களின் உடற்பொருளிற் சேதனச் சேர்வையாக அடங்கியுள்ளது. பொசுபற்றேசு எனும் நொதியங்களாற் பற்றீரியாக்கள் அச்சேர்வைகளை வெட்டிப் பொசுபேற்றை விடுவிக்கின்றன.

பற்றீரியாக்கள் இவற்றை ஈகையின் பொருட்டுச் செய்வனவல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தம் உடலை வளர்க்கவே அவை பொசுபரசைத் தேடுகின்றன. கிடைத்ததில் ஒரு பகுதியைத் தாமே உண்டு வைத்துக்கொள்கின்றன. அவை இறந்தபோதும், மண்ணிலுள்ள வேறு நுண்விலங்குகள் அவற்றை உண்டு கழித்தபோதும் அப்பொசுபரசு வெளிவந்து வேருக்குக் கிட்டும். இரும்பும் அலுமினியமும் பிடித்தால் விடா. பற்றீரியா பிடித்தாற் சில நாளில் விட்டுவிடும். உயிருள்ள மண்ணுக்கும் உயிரற்ற மண்ணுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. உயிருள்ள மண்ணில் பொசுபரசு கைமாறிக்கொண்டே இருக்கும். உயிரற்ற மண்ணில் அது சிறையிருக்கும்.

இப்பாடத்தை நாம் ஏட்டிற் படித்ததோடு நில்லாது, எம்மிடம் உயர்தரம் பயின்ற மாணவரோடு செய்தும் பார்த்தோம். உருசிய நாட்டு அறிஞரான பிக்கோவ்சுக்காயா என்னும் அம்மையார் 1948 ஆம் ஆண்டு ஒரு வளர்ப்பூடகத்தை விவரித்தார். குளுக்கோசும் மதுவச் சாறும் கரையாத முக்கல்சியம் பொசுபேற்றும் ஏகாரிற் கலந்து தட்டில் வார்த்தால், பாலாடை போல வெண்மங்கலாகத் தோன்றும். தேயிலை வேரை மெல்ல உதறி, ஒட்டி நின்ற மண்ணை நீரிற் பலமுறை ஐதாக்கி அத்தட்டிற் பரப்பினோம். சில நாள் கழித்துப் பார்த்தபோது, சில பற்றீரியாக் குடியிருப்புகளைச் சுற்றி மங்கல் நீங்கித் தெளிந்த வட்டங்கள் தோன்றியிருந்தன. கரையாதது கரைந்ததற்கு அதைவிடக் கண்கூடான சான்று வேறில்லை. பிள்ளைகள் தட்டை வெளிச்சத்திற் பிடித்துப் பிடித்துப் பார்த்து மகிழ்ந்தனர்.

அவர்களுள் ஒரு மாணவி, கொழுந்தெடுக்கும் தாயொருத்தியின் மகள், சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டுக் கேட்டாள்: “சேர், தட்டில வட்டம் வந்திருச்சு. மலையில அம்மாவுக்குக் கொழுந்து கூடுமா?”

அவ்வினாவை அலட்சியம் செய்ய எவராலும் இயலாது. கொழுந்தெடுப்பவர் ஒருநாட் சம்பளத்தை முழுதாகப் பெறத் தோட்டம் விதித்த நிறையைக் கொணர்ந்தாக வேண்டும். நிறை குறைந்தால் ‘அரைப் பேர்’ விழும். செடி தளிர்க்காத மலையிற் கை எத்துணை விரைந்தாலும் கூடை நிரம்பாது. ஆகவே வேரடியில் நடப்பது அத்தாயின் சம்பளச் சீட்டிற் பதிவாகின்றது. அம்மாணவி கேட்டது விஞ்ஞானத்தின் ஆணிவேரான கேள்வி: தட்டில் நிகழ்வது மலையில் நிகழுமா?

நாம் அன்று சொன்னதையும் பின்னர் கற்றதையும் சேர்த்து இங்கே விடையாகத் தருகின்றோம். தட்டில் நாம் வைத்தது கல்சியப் பூட்டு. மலையிலிருப்பது இரும்புப் பூட்டும் அலுமினியப் பூட்டும். முன்னதை அமிலம் ஒன்றே திறக்கும். பின்னவற்றைத் திறக்க உலோகத்தைப் பற்றும் மூலக்கூறுகள் வேண்டும். தட்டிற் பெரிய வட்டமிட்ட பற்றீரியா மலையில் ஒன்றுஞ் செய்யாதிருத்தலுங் கூடும். அன்றியும், தட்டில் அதற்கு வெல்லம் நிறையக் கிடைத்தது, பகைவரும் இல்லை. மலையிலோ உணவுக்குப் பெரும் போட்டி. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட பற்றீரியா, ஊரிலுள்ள பழங்குடிகளோடு போட்டியிட்டு நிலைத்தல் எளிதன்று.

இதற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. சோவியத் நாட்டில் ‘பொசுபோபற்றீரின்’ என்ற பெயரில் ஒருவகைப் பசிலசுவை விதையோடு கலந்து பெருமளவிற் பயன்படுத்தினர்; விளைச்சல் கூடியதென அறிவித்தனர். அதனை அமெரிக்க விவசாயத் திணைக்களத்தினர் ஆய்கூடத்திலும் வயலிலும் சோதித்து 1962 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் அத்தகைய உறுதியான பயன் காணப்படவில்லை. எனினும் முயற்சி ஓயவில்லை. தமிழ்நாட்டிற் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் ‘பாஸ்போபாக்டீரியா’ என்ற உயிர் உரத்தை உழவரிடையே பரப்பினர். அங்கே அப்பெயரை அறியாத உழவர் குறைவு. மண்ணுக்கும் பயிருக்கும் ஏற்ற இனத்தைத் தெரிந்து, தொழுவெருவோடு சேர்த்து இடுமிடத்துப் பயன் தெரிகின்றது. கண்ணை மூடிக்கொண்டு இடுமிடத்து ஏமாற்றமே மிஞ்சுகின்றது. பற்றீரியா மந்திரமன்று, மருந்தைப் போல இடமும் அளவும் அறிந்து ஆளவேண்டிய பொருள்.

ஆயினும் மலைநாட்டுக்கு ஒரு நற்பேறு உண்டு. கல்சியப் பொசுபேற்றுக் கல்லே நம் நாட்டிற் கிடைக்கின்றது. அனுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் 1971 ஆம் ஆண்டு புவிச்சரிதவியற் திணைக்களத்தார் அப்பற்றைற்றுப் படிவத்தைக் கண்டுபிடித்தனர். அதன் அளவு ஏறக்குறைய 6 கோடி தொன் என மதிப்பிடப்பட்டது. அதற்கு முன் பாறைப் பொசுபேற்றும் கடல் கடந்தே வந்தது. எப்பாவலைக் கல்லைப் பொடித்து நெல்வயலில் இட்டால் எளிதிற் கரையாது. குறுகிய காலப் பயிர் அதற்காகக் காத்திருக்கவும் முடியாது. தேயிலையோ பல்லாண்டுப் பயிர். அதன் மண்ணோ இயல்பாகவே புளிப்புடையது. வயலுக்கு ஆகாத கல் மலைக்கு ஆகின்றது. மண்ணின் புளிப்பு சிறிது கரைக்க, வேர்விடும் அமிலம் சிறிது கரைக்க, பற்றீரியாக்கள் சிறிது கரைக்க, ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல அது செடிக்குக் கிட்டுகின்றது. தட்டிற் கண்ட தெளிந்த வட்டம் உண்மையாகப் பொருந்துமிடம் இக்கல்லைச் சுற்றியே.

இவ்விடயத்தில் எம்மவர் உழைப்பும் உண்டென்பது மகிழ்ச்சிக்குரியது. தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் 1925 ஆம் ஆண்டு தோன்றிப் பின்னர் தலவாக்கலை சென்கூம்சுத் தோட்டத்தில் நிலைகொண்டது. 1990களின் பிற்பகுதியிற் சொய்சா, லோகநாதன், எட்லி ஆகிய மூவர் தேயிலை வேர்மண்டலத்தை நுணுகி ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டனர். நைதரசனை அமோனியம் வடிவிற் பெற்ற தேயிலை வேரின் அருகே மண்ணின் புளிப்புக் கூடுவதையும், அதனாற் பாறைப் பொசுபேற்று மிகுதியாகக் கரைவதையும் அவர்கள் காட்டினர். நேரேற்றமுள்ள அமோனியம் அயனை உள்வாங்கும் வேர் சமநிலை பேணும் பொருட்டு ஐதரசன் அயனை வெளிவிடுவதே அதற்குக் காரணம். ஒரு பசளை மற்றொரு பசளையின் பூட்டைத் திறக்கின்றது. இதனைக் கேட்டு அமோனியத்தை அளவின்றி இட்டால் மண் மிகப் புளித்துவிடும் என்பதையும் மறத்தலாகாது. அதற்காகவே கவ்வாத்தின்போது தொலமைற்று இடும் வழக்கமுள்ளது.

எப்பாவலைக் கல் நமக்கு வேறொரு பாடத்தையும் கற்பித்தது. 1990களில் அப்படிவத்தைப் பிறநாட்டுக் கம்பனியொன்றோடு கூட்டாக விரைந்து அகழ்வதற்குத் திட்டம் வகுத்தபோது, அவ்வூர்வாசிகள் சிலர் உயர் நீதிமன்றத்தை நாடினர். முழுமையான ஆய்வும் சுற்றாடல் மதிப்பீடும் நடைபெறாமல் உடன்படிக்கை செய்தலாகாதென 2000 ஆம் ஆண்டு யூன் மாதம் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்வருஞ் சந்ததியினருக்கும் அவ்வளத்திற் பங்குண்டு என்ற கருத்து அத்தீர்ப்பில் இடம்பெற்றது. தோண்டியெடுத்த கல் மீண்டும் வளராது. ஆதலின் இட்ட கல்லிற் பெரும்பகுதி வீணாகாது வேரைச் சேரச் செய்தலே அறிவுடைமை. அவ்வேலையைச் செய்யவல்லவை வேரடி உயிர்களே.

அறிவின் இடத்தை அவசரம் பிடித்துக்கொண்டால் என்ன நேரும் என்பதை 2021 ஆம் ஆண்டு நம் நாடு கண்டது. அவ்வாண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. சேதன விவசாயம் என்ற நோக்கம் உயர்ந்ததே. ஆனால் பல தலைமுறையாக இரசாயனப் பசளையை நம்பி நின்ற செடிக்கு ஓரிரவிற் புதுப்பழக்கம் வந்துவிடுமா? எருவும் போதிய அளவு ஆயத்தமாகவில்லை. மண்ணின் உயிரையும் முன்னரே பெருக்கி வைக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரிற் தடை நீக்கப்பட்டது. எனினும் விலை ஏறிவிட்டது, செடியும் மெலிந்துவிட்டது. 2021 ஆம் ஆண்டு ஏறக்குறைய 299 மில்லியன் கிலோவாயிருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022 ஆம் ஆண்டு 251 மில்லியன் கிலோ அளவுக்கு வீழ்ந்தது. அவ்வீழ்ச்சியில் நைதரசன் பஞ்சத்துக்கே பெரும்பங்கு உண்டென்பது எம் கருத்து. கொழுந்துக்கு முதலில் வேண்டுவது அதுவே. அவ்வாண்டு மார்ச்சு மாதத்திற்றான் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாவென நிர்ணயிக்கப்பட்டது. சம்பளம் ஏட்டில் ஏறியது. கொழுந்து மலையிற் குறைந்தது. நிறை காணாத கூடைக்கு அரைப் பேர் விழுந்த வீடுகளை நாம் அறிவோம்.

இதனாற் சிற்றுயிர்களின் துணை பயனற்றதென்று முடிவு செய்தல் தவறாகும். துணைவர் வேறு, மாற்றாள் வேறு. கண்டி அந்தானையிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்திற் பேராசிரியர் காமினி செனவிரத்ன அவர்களும் உடனுழைத்தோரும் பங்கசும் பற்றீரியாவும் ஒன்றோடொன்று பின்னி வாழும் உயிர்ப்படலங்களை ஆக்கித் தேயிலைத் தோட்டங்களிற் சோதித்தனர். தனித்து விட்ட பற்றீரியா மண்ணில் நிலைப்பது அரிது. படலமாய்க் கூடிய பற்றீரியா தன்னைக் காத்துக்கொள்ளும். விதித்த இரசாயனப் பசளையிற் பாதியளவோடு இப்படலப் பசளையைச் சேர்த்து இடலாம் என்பது அவர்தம் ஆய்வின் பேறு. பாதியைக் குறைக்கலாம் என்றார்களேயன்றி, முழுவதையும் ஒரே நாளில் நிறுத்துக என்று அவர்கள் சொல்லவில்லை. ஆய்வின் நடையும் ஆணையின் நடையும் இங்கே வேறுபடுகின்றன.

ஆய்கூடத்தை எதிர்நோக்காது தோட்டமே செய்யத்தக்கனவும் பல உள. பற்றீரியாவுக்கு உணவு வேண்டும். உணவென்பது சேதனப் பொருள். சவுக்கு, முருக்கு முதலிய நிழல் மரங்களை வெட்டிய குழையைச் செடியடியிற் பரப்புவதும், கவ்வாத்து வெட்டிய இலையையும் சிறு குச்சியையும் நிலத்திலேயே மக்கவிடுவதும், கான்களைப் பேணி மேல்மண் ஆற்றோடு போகாது தடுப்பதும் பழைய அறிவுரைகளே. கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் மீண்டும் நடுமுன் மானாப் புல்லையோ குவாத்தமாலாப் புல்லையோ ஒன்றரை இரண்டு ஆண்டு வளர்த்து வெட்டி மூடுவர். அதனைக் காலவிரயம் என்று கணக்கர் கருதலாம். உண்மையில் அது களைத்த மண்ணுக்கு மீண்டும் குடிகளை ஏற்றும் காலமாகும்.

இங்கே ஒரு நெருடலான செய்தியைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. கவ்வாத்து மிலாறே பல லயங்களில் அடுப்பெரிக்கும் விறகு. நாள்முழுதும் மலையில் நின்றவள் மாலையிற் சுமந்து செல்லும் மிலாற்றுக் கட்டைப் பார்த்து, ‘இது மண்ணுக்குரிய உணவு, விட்டுச் செல்’ என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? தடித்த மிலாறு அடுப்புக்கும் இலையும் நுனிக்குச்சியும் மண்ணுக்கும் என்று பிரித்தல் ஒரு வழி. அவ்வீடுகளுக்கு வேறு எரிபொருள் வசதி செய்து கொடுத்தல் அதனினும் நேரிய வழி. மண்ணின் உயிரைக் காப்பது பற்றிப் பேசுவோர் லயத்து அடுப்பையும் சேர்த்துப் பேசாவிடின் அப்பேச்சு மலையேறாது.

எம் மாணவியின் வினாவுக்கு இப்போது சுருக்கமாக விடை கூறலாம். கூடும், ஆனால் வட்டம் ஒன்றினால் மாத்திரம் கூடாது. ஏற்ற கல்லும், அளவான நைதரசனும், மண்ணை மூடிய குழையும், மேல்மண்ணைக் காக்கும் கானும், இவற்றுக்கு வேண்டிய சில ஆண்டுப் பொறுமையும் சேர்ந்தவிடத்து வேரடிப் பற்றீரியா தன் பங்கைச் செய்யும். அதன் பங்கு சிறிதன்று. பூட்டிய களஞ்சியத்தின்மேல் மேலும் மூடைகளை அடுக்கிக்கொண்டே போவதினும், உள்ளே இருப்பதைச் சிறிது சிறிதாக வெளிக்கொணர்வது நாட்டின் செலவையும் குறைக்கும், ஆறுகளையும் கெடுக்காது.

1823 ஆம் ஆண்டு தொடங்கி இம்மலைகளுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் 2023 ஆம் ஆண்டு தம் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்தனர். கோப்பியும் பின்னர் தேயிலையும் அவர்தம் கைகளால் இந்நாட்டுக்குச் செல்வமாயின. உழைப்பவர் கண்ணிற் படாதிருக்க விளைவு மாத்திரம் கடைவீதியிற் பளபளப்பது உலகில் நெடுநாளாக நடந்து வருவது. வேரடி உயிர்களைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எமக்கு அம்மக்களின் நினைவும் வருவதைத் தடுக்க இயலவில்லை. இரு சாராருக்கும் உரிய உணவை உரிய காலத்தில் கொடுக்காத தோட்டம் நெடுநாள் தழைக்காது.

இன்று கல்லூரியிற் பயிலும் தம்பிமாருக்கு எம் வேண்டுகோள் ஒன்று. மருத்துவமும் பொறியியலுமே கல்வியென்று எண்ணி மற்றவற்றைப் புறக்கணிக்க வேண்டாம். நம் மலைநாட்டு மண்ணில் இரும்புப் பூட்டையும் அலுமினியப் பூட்டையும் திறக்கவல்ல இனங்கள் எவை, அவற்றை எவ்வுயரத்தில், எம்மழைக் காலத்தில் இடுவது நன்று என்னும் வினாக்கள் திறமையுடைய இளைஞரை எதிர்நோக்கி நிற்கின்றன. வடபுலத்துச் சுண்ணாம்பு மண்ணும் அவ்வாறே காத்திருக்கின்றது. பெருந்தொகைப் பணமோ வெளிநாட்டுக் கருவியோ இல்லாமலும் தொடங்கலாம். ஒரு கண்ணாடித் தட்டும் சிறிது ஏகாரும் உதறியெடுத்த ஒரு பிடி வேர்மண்ணும் போதும். தட்டிற் கண்டதை மலைக்குக் கொண்டுசென்று சோதிக்கும் நேர்மை மாத்திரம் உடன் வேண்டும். அத்தகைய மாணவர் பலரைக் கல்லூரியன்னை இன்னும் பல்லாண்டு ஈன்று புறந்தருவாளாக.